அரசின்றி அறம் நிலைக்குமோ? குரொப்பொற்கினின் பரஸ்பர உதவிக் கொள்கை

‘அராசகம்’ என்னுஞ் சொல்லைச் செய்தித்தாள்களிலும் மேடைகளிலும் கேட்போர் குழப்பத்தையும் கொள்ளையையுமே எண்ணுவர். அரசன் இல்லாமை என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். அரசன் இல்லையெனிற் கொள்ளைதான் எஞ்சும் என்னும் முடிபு பின்னர் அதனோடு வந்து ஒட்டிக்கொண்டது. இம்முடிபு மிகப் பழையது. பெரிய மீன் சிறிய மீனை விழுங்குமாறுபோல வலியார் மெலியாரை விழுங்காதிருத்தற்பொருட்டே தண்டநீதி வேண்டப்படுகின்றது எனக் கௌடலியரின் அருத்தசாத்திரமும் பாரதத்துச் சாந்தி பருவமும் கூறும். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில அறிஞராகிய ஹொப்ஸ் தமது ‘லெவியதான்’ (1651) என்னும் நூலில் நிலைநாட்ட முயன்றதும் ஏறத்தாழ இதுவேயாம். ஆயின் அதே சாந்தி பருவத்தின் பிறிதோரிடத்தில், ஆதியில் அரசும் இல்லை, அரசனும் இல்லை, தண்டமும் இல்லை. மக்கள் ஒருவரையொருவர் அறத்தாற் காத்து வாழ்ந்தனர் என்ற கூற்றும் காணப்படுகின்றது. இவ்விரு கூற்றுக்களும் ஒரே நூலுள் அருகருகே கிடப்பது எண்ணத்தக்கது.

அரசு வேண்டாம் என்று வாதிப்போர் விடையிறுக்க வேண்டிய முதல் வினா ஒன்றுண்டு. தண்டத்தின் அச்சம் நீங்கிய பின்னர் மக்களை ஒன்றாகப் பிணித்து நிற்பது யாது என்பதே அது. பெருமிதச் சொற்களால் இவ்வினாவைக் கடந்துசென்றோர் பலர். இயற்கையிலும் வரலாற்றிலும் சான்று தேடி இதற்கு விடைகாண முயன்றவருள் முதன்மையானவர் ருஷ்ய நாட்டுப் பீற்றர் குரொப்பொற்கின் ஆவர்.

குரொப்பொற்கின் 1842-ஆம் ஆண்டில் மொஸ்கோ நகரிலே பழைமையான கோமகனார் குடியொன்றிற் பிறந்தார். அவர் தந்தையார்க்கு ஏறத்தாழ 1,200 ஆண் பண்ணையடிமைகள் இருந்தனர். தலைநகரில் உயர்குடிச் சிறுவர்க்கென அமைந்த படைக்கல்லூரியிற் பயின்று, சார் மன்னராகிய இரண்டாம் அலெக்சாந்தரின் அணுக்கப் பணியாளராகவும் இருந்தார். கல்லூரியில் முதன்மை பெற்ற இளைஞன் தான் விரும்பிய படைப்பிரிவைத் தெரிந்துகொள்ளலாம். அவர் அரண்மனைக் காவற்படையை விரும்பாது, 1862-இல் சைபீரியாவின் அமூர் ஆற்றுப் பகுதியிலிருந்த கொசாக்கியர் படையைத் தெரிந்தமை கண்டு உறவினர் திகைத்தனர். அங்குக் கழித்த ஐந்தாண்டுகளே அவரது வாழ்வின் போக்கை மாற்றின.

சைபீரியாவில் அவர் முதலில் அரசாங்கத்தின் வழியாகவே நன்மை செய்ய முற்பட்டார். சிறைச்சாலைகளையும் நாடுகடத்தல் முறையையும் திருத்துதற்கும், நகரங்களுக்குத் தன்னாட்சி வழங்குதற்கும் திட்டங்கள் வரைவதிற் பங்குகொண்டார். அத்திட்டங்கள் தலைநகர்க் கோப்புக்களுட் புகுந்து மறைந்தன. அதே வேளையில், எவருடைய கட்டளையுமின்றிக் குடியேறி, தம்முள் உடன்பட்டு நிலந்திருத்தி வாழ்ந்த குடிகள் செழித்திருத்தலையும் கண்டார். கட்டளையால் நடைபெறுவதற்கும் உடன்பாட்டால் நடைபெறுவதற்கும் உள்ள வேறுபாட்டை அங்கேதான் கற்றதாக அவர் தமது வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார்.

அக்காலத்தே டார்வினின் ‘இனங்களின் தோற்றம்’ (1859) வெளிவந்து சில ஆண்டுகளே கழிந்திருந்தன. குரொப்பொற்கினும் அவருடன் சென்ற விலங்கியலறிஞர் பொலியாக்கொவும் அந்நூலின் பெருந்தாக்கத்துக்கு உட்பட்டவராய், ஒரே இனத்து விலங்குகள் உணவுக்காகத் தம்முட் செய்யும் கடும்போட்டியைக் காணும் ஆவலோடு காடுகளை நோக்கினர். அவர்கள் கண்டதோ வேறு. சைபீரியாவில் உயிர்களைக் கொன்றது அயலிலிருந்த தன்னினத்து உயிரன்று. பருவந்தப்பிப் பெய்த பனியும், வசந்தத்தின் பின்னர் மீண்டுவந்த உறைகுளிரும், பெருவெள்ளமுமே. அமூர் ஆற்றங்கரையில் அவர் கண்ட காட்சியொன்றைப் பல்லாண்டுகளின் பின்னரும் மறந்தாரல்லர். அவ்வாண்டு பனி முந்தி வீழ்ந்தது. மிகப் பரந்த நிலப்பரப்பிற் சிதறி மேய்ந்த மான்கள் ஆயிரக்கணக்காகத் திரண்டு, ஆற்றின் மிக ஒடுங்கிய இடத்தை நாடிவந்து அதனைக் கடக்க முற்பட்டன. போட்டியிட்டுப் பிழைப்பதினும் திரண்டு பிழைத்தலே அங்கு உயிர்களுக்கு இயல்பாயிருந்தது.

இங்கிலாந்திலே டார்வின் மல்தூசின் மக்கட்டொகைக் கோட்பாட்டினின்றும் போட்டி என்னும் கருத்தைப் பெற்றார். தொழிற்சாலைகளும் சந்தைகளும் மலிந்த சிறிய தீவொன்றிலே, இடத்துக்கும் உணவுக்கும் உயிர்கள் நெருக்குண்டு முட்டிமோதுதல் யாவர்க்கும் கண்கூடாகத் தோன்றியது. ருஷ்ய இயற்கையறிஞரோ, ஆட்கள் அருகிய, எல்லை காணவியலாத குளிர்நிலத்தில் நின்று நோக்கினர். அவருட் பலர் கூர்ப்புக் கொள்கையை ஏற்று, மல்தூசின் பகுதியை மட்டும் விலக்கினர். டார்வினும் ‘வாழ்க்கைப் போராட்டம்’ என்னுந் தொடரை விரிந்த பொருளில், உருவகமாகவே ஆளுவதாகக் கூறி, பாலைவனத்தின் விளிம்பில் நிற்கும் செடி வறட்சியோடு போராடுவதனை எடுத்துக்காட்டியுள்ளார். அவரைப் பின்பற்றியோரே அப்பொருளை மிகச் சுருக்கிவிட்டனர் என்பது குரொப்பொற்கினின் குறை.

அரசியற் காரணங்களால் 1874-இற் சிறைப்பட்ட அவர், 1876-இல் சிறை மருத்துவமனையினின்றும் தப்பி மேற்கு ஐரோப்பாவை அடைந்தார். பிரான்சிலும் சிறைவாசம் நேர்ந்தது. சிறையிலிருந்த 1883-ஆம் ஆண்டில், ருஷ்ய விலங்கியற் பேராசிரியர் கெசுலர் 1880-இல் நிகழ்த்திய சொற்பொழிவொன்றை அவர் படிக்க நேர்ந்தது. போராட்டம் என்னும் விதியோடு பரஸ்பர உதவி என்னும் விதியும் இயற்கையில் உண்டு. கூர்ப்பின் வளர்ச்சிக்குப் பின்னையதே மிகத் துணையாவது என்பது கெசுலரின் கருத்து. அதனை விரித்து நிறுவுதற்கு முன்னரே அவர் 1881-இற் காலமானார். அவர் விட்டுச்சென்ற இடத்தினின்றும் குரொப்பொற்கின் தொடர்ந்தார்.

எழுதுதற்கு உடனடிக் காரணமாய் அமைந்தது ஹக்ஸ்லி 1888-இல் வெளியிட்ட கட்டுரையாகும். விலங்குலகை வாட்போர் வீரர் பொருதும் அரங்குக்கு ஒப்பிட்ட ஹக்ஸ்லி, ஆதிமனிதர் வாழ்வும் குடும்ப எல்லைக்கு அப்பால் ஓயாத சண்டையே என்றார். குரொப்பொற்கின் இதற்கு மறுப்பாக ‘பத்தொன்பதாம் நூற்றாண்டு’ என்னும் ஆங்கில இதழில் 1890 முதல் 1896 வரை எழுதிய கட்டுரைகளே 1902-இல் ‘பரஸ்பர உதவி: கூர்ப்பின் ஒரு காரணி’ என நூலுருப் பெற்றன. தலைப்பில் உள்ள ‘ஒரு காரணி’ என்னுஞ் சொற்கள் கருதத்தக்கன. போட்டியே இல்லையென்று அவர் சொல்லவில்லை; மற்றைப் பக்கத்தைப் பிறர் எழுதிவிட்டமையின் இப்பக்கத்தைத் தாம் எழுதுவதாகவே கூறினார். இதனை மறந்தோர் அவரை வெறுங் கனவினராகக் கொண்டனர்.

எறும்புகள் தம்முள் உணவு பகிர்தல், கூழைக்கடாக்கள் நீரில் அரைவட்டமாய் அணிவகுத்து மீன்களைக் கரைநோக்கி ஒதுக்குதல் முதலிய பல சான்றுகள் நூலின் முற்பகுதியில் நிரம்பியுள்ளன. பிரைற்றன் நகர நீருயிர்க் காட்சிச்சாலையில் 1882-ஆம் ஆண்டில் அவர் நேரிற் கண்டது ஒன்று. பெரிய குதிரைலாட நண்டு ஒன்று தொட்டியின் மூலையில் மல்லாந்து வீழ்ந்து எழமாட்டாது கிடந்தது. அங்கிருந்த இருப்புச் சட்டமொன்று இடையூறாயிருக்க, அதன் இனத்து நண்டுகள் மீண்டும் மீண்டும் வந்து அதனைத் தூக்க முயன்றன; மணிக்கணக்கிற்கு அம்முயற்சி தொடர்ந்தது. அந்நண்டுகளின் செயலுக்கு உட்காரணம் யாது என்பதில் இன்றைய விலங்கியலார் இத்துணைத் துணிவோடு பேசமாட்டார். எனினும், நின்று பொறுமையோடு நோக்குங் கண் ஒன்று அங்கிருந்தது என்பதில் ஐயமில்லை.

நூலின் உயிர்நிலையாயுள்ள கருத்தொன்று பலராற் கவனிக்கப்படுவதில்லை. பரஸ்பர உதவி என்பது அன்பன்று என்கிறார் குரொப்பொற்கின். அயல்வீடு தீப்பற்றி எரியும்போது வாளியும் நீருமாக ஓடுகின்றவன், அவ்வீட்டானிடத்து அன்புகொண்டு ஓடுவதில்லை. பெரும்பாலும் அவனை அறிந்திருப்பதுமில்லை. அன்பினும் பரந்ததும், தெளிவு குறைந்ததுமாகிய ஓர் ஒருமையுணர்ச்சியே அவனைச் செலுத்துகின்றது. அன்பின்மேல் சமுதாயத்தைக் கட்ட முயல்வோர் ஏமாறுவர்; அன்பு சிலரையே தழுவும். இவ்வொருமையுணர்ச்சியோ மனிதன் மனிதனாகு முன்னரே பழகிப்போனது என்பதால், அதன்மேற் கட்டலாம் என்பது அவர் துணிபு.

இன்றைய உயிரியல் இதனை எவ்வாறு மதிக்கின்றது? ஹமில்ற்றன் 1964-இல் உறவுமுறைத் தேர்வையும், றிவர்ஸ் 1971-இல் கைம்மாறு கருதிய உதவியையும் கணக்கியலோடு விளக்கினர். விலங்குகள் உதவிசெய்தல் உண்மையே. ஆயின் அது ‘இனத்தின் நன்மை’க்காக நிகழ்வது எனக் குரொப்பொற்கின் கொண்டதனைப் பெரும்பாலோர் ஏற்பதில்லை. உதவும் இயல்பைத் தரும் பரம்பரையலகு தலைமுறைதோறும் பெருகுதற்கு வழி வேண்டும். அவ்வழியை அவர் காட்டவில்லை, அவர் காலத்திற் காட்டுதற்கு இயலவுமில்லை. காட்சி சரி, காரணம் குறை எனலாம். ஸ்ரீபன் ஜே கூல்ட் என்னும் அமெரிக்க அறிஞர் 1988-இல் எழுதிய கட்டுரையொன்றில், குரொப்பொற்கின் தனித்து நின்ற பித்தரல்லர், ருஷ்ய அறிவியன் மரபொன்றின் பிரதிநிதியே என எடுத்துக்காட்டியமை அவர் மதிப்பை மீட்டது.

விலங்குகளினின்றும் மனிதரிடத்துக்கு வரும்பொழுது நூல் பிறிதொரு தன்மையை அடைகின்றது. தொல்குடிகள், ஊர்ப்பொது நிலங்கள், இடைக்கால ஐரோப்பிய நகரங்கள், கைவினைஞர் குழாங்கள் எனப் பல நிறுவனங்களை அவர் அடுக்குகின்றார். இடைக்கால நகரத்தைப் பற்றிய இரண்டு அதிகாரங்களும் கற்பதற்கு இனியன; ஆயின் நம்புதற்கு அத்துணை எளியன அல்ல. மதிலுக்குள்ளே ஒருவர்க்கொருவர் உதவிய அந்நகரத்தார் மதிலுக்கு வெளியே நின்ற உழவரை எவ்வாறு நடத்தினர், குழாத்திற் சேரமுடியாத கூலியாளும் யூதரும் அங்கு யாது நிலையில் இருந்தனர் என்பவற்றை அவர் விரைந்து கடந்துவிடுகின்றார். இங்கிலாந்தின் கடற்கரையோரத்து உயிர்காப்புப் படகோட்டிகளைப் பற்றி எழுதுமிடத்திலோ அவரது கை தளரவில்லை. 1824-இல் நிறுவப்பெற்ற அச்சங்கம் அரசின் கட்டளையாலன்றி மக்கள் நன்கொடையாலும் தொண்டராலும் நடைபெற்றது. புயற்காலத்தில் முன்பின் அறியாத மாலுமிகளுக்காகப் படகிறக்கும் மீனவரிடம், ஏன் சென்றீர் என வினவினால், அவர் தெளிவாக விடைகூறமாட்டார். கரையில் நின்று கூக்குரல் கேட்டுக்கொண்டிருக்க ஒண்ணாமையே காரணம் போலும்.

சுவிற்சலாந்து மலைநாட்டின் பொதுமேய்ச்சல் நிலங்களையும் குரொப்பொற்கின் குறித்துள்ளார். இதே நாட்டின் தோர்பெல் என்னும் ஊரைப் பிற்காலத்தில் அமெரிக்கப் பேராசிரியை எலினோர் ஒஸ்ற்றொம் எடுத்து ஆராய்ந்தார். பொதுச்சொத்தை அரசு கையேற்க வேண்டும், அன்றேல் தனியார்க்குப் பங்கிட வேண்டும், இரண்டுமன்றேல் அஃது அழியும் என்பதே அன்றைய பொருளியலாருட் பலரின் எண்ணம். ஒஸ்ற்றொம் 1990-இல் வெளியிட்ட நூலில் மூன்றாம் வழி ஒன்றும் உண்டென நிறுவினார். 2009-இல் அவர்க்குப் பொருளியல் நோபல் பரிசும் கிடைத்தது. தோர்பெல் ஊரார் 1483-ஆம் ஆண்டில் ஓலை எழுதி, காடும் மேய்ச்சல் நிலமும் காக்கும் சங்கம் அமைத்தனர். குளிர்காலத்திற் தீனியிட்டுக் காக்கக்கூடிய அளவுக்கு மேல் எவரும் கோடையிற் பசுக்களை மலைக்கு அனுப்பலாகாது என்பது 1517-ஆம் ஆண்டளவில் அங்கு விதியாயிருந்தது. மன்னனோ மந்திரியோ இவ்விதியை இயற்றவில்லை. நூற்றாண்டுகள் கழிந்தும் அம்மேய்ச்சல் நிலம் அழியவில்லை.

குரொப்பொற்கின் இதனைக் கேட்டிருப்பின் பெரிதும் மகிழ்ந்திருப்பார். ஆயின் அந்த 1483-ஆம் ஆண்டு ஓலையே இன்னொன்றையும் கூறுகின்றது. வெளியூரான் ஒருவன் அவ்வூரில் நிலம் வாங்கினாலும், பொதுநிலத்தில் உரிமை பெறான் என்பதே அது. ஒஸ்ற்றொம் கண்ட நிலைத்த நிறுவனங்களுக்குரிய இலக்கணங்களுள் முதலாவது, உரியவர் யார், உரியரல்லாதவர் யார் என்னும் எல்லை தெளிவாயிருத்தல். உதவியின் வன்மை எல்லையினின்றும் பிறக்குமாயின், எல்லைக்கு அப்பாலுள்ளவன் கதி யாது? ஓநாய்க் கூட்டமும் தன்னுள் உதவிசெய்தே மானைக் கொல்கின்றது. கொள்ளையர் கூட்டத்திலும் ஒருவர்க்கொருவர் துணையாதல் உண்டு. பரஸ்பர உதவியை அறத்தின் வேர் எனக் கொள்வோர்க்கு இதனினும் கடிய தடை வேறில்லை.

ஹக்ஸ்லி இத்தடையை வேறொரு பக்கத்தினின்றும் எழுப்பினார். 1893-இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய சொற்பொழிவில், அறம் என்பது இயற்கையின் போக்கைப் பின்பற்றுவதன்று, அதனை எதிர்த்து நிற்பதேயாம் என்றார். அவர் கண்ணில் அறம் மனிதன் வேலியிட்டுக் காக்குந் தோட்டம் போன்றது. காவல் தளரின் காடு புகுந்துவிடும். குரொப்பொற்கின் 1904, 1905-ஆம் ஆண்டுகளில் இதற்கு விடையிறுத்தார். மனிதனும் இயற்கையின் விளைவாயின், இயற்கையில் இல்லாத அறத்தை அவன் எங்கிருந்து பெற்றான்? வானினின்றும் இறங்கியது என்று கொள்ள ஹக்ஸ்லியும் உடன்படார். ஆதலின் அதன் விதை இயற்கையிலேயே கிடத்தல் வேண்டும். டார்வினே ‘மனிதனின் தோற்றம்’ (1871) என்னும் நூலில் மனச்சாட்சியைச் சமூக உணர்ச்சியினின்றும் தோன்றியதாகக் காட்டியுள்ளார் என்பதை அவர் நினைவூட்டினார்.

விதை உண்டென்பதால் மரம் உண்டென்றாகாது. குரொப்பொற்கின் தமது இறுதிக்கால நூலாகிய ‘அறவியல்’ என்பதில் இதனைத் தெளிவாக உணர்ந்திருத்தல் காணப்படுகின்றது. அதன்படி அறத்துக்கு மூன்று படிகள் உண்டு. முதற்படி பரஸ்பர உதவி. அது விலங்குக்கும் மனிதனுக்கும் பொது. இரண்டாவது நீதி, அஃதாவது பிறனைத் தன்னோடு ஒப்பவைத்து எண்ணும் சமத்துவ உணர்வு. மூன்றாவது, கைம்மாறு கணக்கிடாது தனக்கு வேண்டியதினும் மிகுதியாகத் தன்னையே வழங்கும் ஈகை. இம்மூன்றாம் படிக்கு அவர் பிரெஞ்சு அறிஞரான குயோவுக்குக் கடன்பட்டவர். 33-ஆம் வயதில் மறைந்த குயோ, நிறைந்த உயிர் தானே பொங்கிப் பிறர்க்குப் பயன்படும் என்று கருதியவர்.

இவற்றுள் இரண்டாம் படியே தோர்பெல் ஓலை எழுப்பிய தடைக்கு விடையாவது. உதவி எல்லைக்குட்பட்டது, நீதியோ எல்லையை வினாவுவது. நம்மவனுக்குச் செய்வதை அயலானுக்கும் செய்தல் வேண்டுமோ என்னும் கேள்வி எழுந்தபொழுதே கூட்டவுணர்ச்சி அறமாகத் தொடங்குகின்றது. 1902-ஆம் ஆண்டு நூலின் முன்னுரையிலும் நீதியுணர்வு பேசப்பட்டதுண்டு. ஆயினும் இடைக்கால நகரத்தை எழுதியபோது அதனை அளவுகோலாக அவர் எடுத்தாரல்லர். பரஸ்பர உதவி ஒன்றே போதும் என்று அவர் பெயராற் பேசுவோர் அவரது பிந்திய நூலைப் படியாதவராவர்.

கொள்கையைக் காலம் இருமுறை கடுமையாகச் சோதித்தது. முதற்சோதனையில் அவர் வென்றார் என்றல் அரிது. 1914-இல் உலகப்போர் மூண்டபோது, அரசுகளுக்கிடையிலான போரை என்றும் எதிர்த்துவந்த அவர், ஜேர்மனி வெல்லின் பிரான்சின் புரட்சி மரபு அழியும் என அஞ்சி நேசநாடுகளின் பக்கம் நின்றார். இந்நிலையை 1916-இல் வெளியான அறிக்கையொன்றில் அவரும் தோழர் சிலரும் வெளிப்படுத்தினர். அது ‘பதினாறுபேர் அறிக்கை’ எனப்படும். உண்மையிற் கைச்சாத்திட்டோர் பதினைவரே, அல்ஜீரிய ஊரொன்றின் பெயர் பதினாறாம் ஆளாக எண்ணப்பட்டுவிட்டது. இத்தாலியத் தோழரான மலற்றெஸ்ரா இதனை வெளிப்படையாக மறுத்தார். பல்லாண்டு நட்பு முறிந்தது. எல்லைக்கு அப்பாலிருந்த ஜேர்மானியத் தொழிலாளியை அவ்வேளையிற் குரொப்பொற்கினால் ஒப்பவைத்து எண்ண முடியவில்லை என்பதே நேர்மையான தீர்ப்பாகும்.

இரண்டாஞ் சோதனை தாய்நாட்டிலே நேர்ந்தது. நாற்பதாண்டுக்கு மேற்பட்ட புகலிட வாழ்வின் பின் 1917-இல் ருஷ்யா திரும்பிய அவர்க்குக் கெரென்ஸ்கி அமைச்சர் பதவி அளிக்க முன்வந்தார், அவர் மறுத்தார். பின்னர்ப் போல்ஷெவிக்கர் ஆட்சியில், 1918 முதல் மொஸ்கோவுக்கு வடக்கேயுள்ள திமித்ரொவ் என்னுஞ் சிற்றூரில் வசித்தார். உணவும் விளக்கெண்ணெயும் அரிதாயிருந்த அக்காலத்தில், முதுமையும் நோயும் வருத்த, ‘அறவியல்’ நூலை எழுதினார். அவ்வூர்க் கூட்டுறவுச் சங்கத்தில் ஆர்வங்கொண்டிருந்தார். அரசின் பணத்தைப் பெற்றுத் தமது நூல்களை வெளியிட அவர் இசையவில்லை.

1920 மார்ச் மாதத்தில் அவர் லெனினுக்கு எழுதிய கடிதம், ஊர்த் தபாற் பணியாளர் சிலரின் பசியைப் பற்றியது. ஊதியம் போதாது பட்டினியால் வாடிய அவர்கள் தம்மிடம் வந்து முறையிட்டதனை எடுத்துரைத்து, உள்ளூர் மக்களின் ஆற்றலைப் புறக்கணித்து மேலிருந்து ஆளும் கட்சியாட்சியால் புதிய சமுதாயம் அமையாது என்றார். அவ்வாண்டு டிசெம்பர் மாதத்துக் கடிதம் அதனினும் கடியது. தலைவர்களின் உயிருக்குத் தீங்கு நேரிற் கொல்லப்படுவர் என்னும் அச்சுறுத்தலோடு, எதிர்க்கட்சியாரையும் பகைப்படை அதிகாரிகளையும் பிணையாளராக வைத்திருப்பதாக அரசு அறிவித்திருந்தது. அவருட் பலர் குரொப்பொற்கினின் கொள்கைக்குப் பகைவர். உழைப்பாளர் புரட்சியை ஆயுதமெடுத்து எதிர்த்தோரும் அவருள் இருந்தனர். எனினும் செய்யாத குற்றத்துக்கு ஒருவன் உயிரை ஈடுவைத்தல் மிகக் கொடிய இடைக்காலத்துக்கு மீள்வதாகும் என அவர் லெனினுக்கு எழுதினார். இடைக்காலத்தின் நகரங்களைப் போற்றிய அதே கை, அதன் கொடுமையையும் இப்பொழுது பெயர்சுட்டி எழுதியது. 1914-இல் அவர் தவறவிட்ட அளவுகோல் இக்கடிதத்தில் அவர் கையில் இருந்தது.

1921 பெப்ருவரி 8-ஆம் நாள் அவர் திமித்ரொவில் உயிர்நீத்தார். மொஸ்கோவில் நிகழ்ந்த இறுதி ஊர்வலத்திற் கலந்துகொள்ளுமாறு சிறைப்பட்டிருந்த அவரது கொள்கையினர் சிலர் ஒருநாளைக்கு விடுவிக்கப்பட்டனர். ‘அறவியல்’ நூலின் முதற்பாகம் 1922-இல் அச்சேறியது. அறக்கருத்துக்கள் பண்டுதொட்டு வளர்ந்த வரலாறே அதிற் பெரும்பகுதி; தமது சொந்த அறவியலின் அடிப்படைகளை விரித்துரைக்க அவர் எண்ணியிருந்த இரண்டாம் பாகம் எழுதி முடிக்கப்படவில்லை.